இரவு லென்ஸும் பகல் வெளிச்சமும்

பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் மகளைக் கண் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். அவளுக்கு ஒன்பது வயது. சென்ற ஆண்டு மைனஸ் ஒன்றேகால் என்று எழுதித் தந்த சீட்டில் இம்முறை மைனஸ் இரண்டேகால் என்று எழுதினார்கள். மருத்துவர் பார்த்து முடித்தபின், பக்கத்து அறையில் இருந்த ஆலோசகர் எங்களை அமர்த்தி ஒரு சிறிய பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே, சட்டைப் பொத்தானைவிடச் சற்றே சிறியதாக, இரண்டு கெட்டியான லென்ஸ்கள்.

"சார், இது ராத்திரி போடுற லென்ஸ். பாப்பா தூங்கும்போது போட்டுக்கிட்டாப் போதும். காலையில கழட்டிட்டா நாள் முழுக்கக் கண்ணாடியே தேவையில்ல. பவரும் ஏறாது."

ஒரே மூச்சில் சொல்லப்பட்ட அந்த நான்கைந்து வாக்கியங்களில் இரண்டு தனித்தனி வாக்குறுதிகள் இருந்தன என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. கண்ணாடி வேண்டாம் என்பது ஒன்று. பவர் ஏறாது என்பது மற்றொன்று. முதலாவது ஒரு வாரத்திலேயே கண்கூடாகத் தெரிந்துவிடும். இரண்டாவது உண்மையா இல்லையா என்பது தெரிய ஆண்டுகள் ஆகும். அதுவும் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. பெற்றோர் முதலாவதற்கு மயங்கிப் பணம் கட்டிவிட்டு இரண்டாவதையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நம்பிக்கொள்கிறார்கள் என்பதே இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல விழைவது. இரவு லென்ஸைப் பழிப்பது எங்கள் நோக்கமன்று. அது நல்ல கண்டுபிடிப்புதான். எதற்கு நல்லது, யாருக்கு நல்லது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவர். மற்றவர் கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்க்கிறவர். தமிழ் நடத்துகிறவர் அந்த அறையிலேயே தலையாட்டத் தயாராகிவிட்டார் என்பதையும், "கொஞ்சம் படிச்சுப் பாத்துட்டு வர்றோம் மேடம்" என்று எழுந்தவர் மற்றவர் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. அடுத்த இரண்டு மாதங்கள் நாங்கள் படித்ததும் கேட்டறிந்ததும் கீழே.

*

கிட்டப்பார்வையைப் பற்றி நம்மில் பலருக்கும் உள்ள எண்ணம், அது பார்வையின் குறைபாடு என்பது. உண்மையில் குழந்தைகளிடம் அது பெரும்பாலும் விழியின் வளர்ச்சி பற்றிய விஷயம். பிறந்த குழந்தையின் விழிக்கோளம் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வளர்ந்தவருக்கு 23 அல்லது 24. இந்த வளர்ச்சி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் தொடர்ந்தால் கண் நீண்டுவிடுகிறது. தூரத்துப் பொருளின் உருவம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடுதல் நீளம் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று டயாப்டர் மைனஸ் பவருக்குச் சமம். குழிலென்ஸ் இதை எப்படிச் சரிசெய்கிறது என்று 1604ஆம் ஆண்டிலேயே விளக்கியவர் வானியலாளர் கெப்ளர். அவருக்கே பார்வைக் குறைபாடு இருந்தது.

கண்ணாடி உருவத்தைப் பின்னால் தள்ளி விழித்திரையில் விழச்செய்கிறது. நீண்ட கண் நீண்டபடியேதான் இருக்கிறது. பவர் மைனஸ் ஆறைத் தாண்டும்போது கவலை தொடங்குகிறது. இழுபட்ட பலூனின் சுவர் மெலிவதுபோல் விழித்திரையும் அதன் பின்னுள்ள அடுக்குகளும் மெலிகின்றன. நடுவயதிலும் முதுமையிலும் விழித்திரை பிரிதல், மையப் பார்வை சிதைதல், கண்நீர் அழுத்த நோய் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. பவர் ஒரு டயாப்டர் குறைவாக நின்றால் மையப் பார்வைச் சிதைவுக்கான வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு குறையும் என்று புல்லிமோர், பிரென்னன் என்ற ஆய்வாளர்கள் 2019இல் கணக்கிட்டார்கள். ஆகவே "பவர் ஏறாமல் பார்த்துக்கொள்வது" என்பது அழகு சார்ந்த ஆசையன்று. அறுபது வயதில் எங்கள் மகள் பேரக்குழந்தையின் முகத்தைப் பார்ப்பாளா என்ற கேள்வியோடு தொடர்புடையது. நாங்கள் பதற்றப்பட்டதற்கு இதுவே காரணம்.

*

இரவு லென்ஸ் செய்வது என்ன? இதன் பெயர் ஆர்த்தோகெரட்டாலஜி. மருத்துவமனைகளில் சுருக்கமாக ஆர்த்தோ-கே என்கிறார்கள். கண்ணின் முன்புறம் கடிகாரக் கண்ணாடிபோல் மூடியிருக்கும் ஒளிபுகும் படலத்துக்குக் கார்னியா என்று பெயர். கண்தானத்தில் எடுத்துப் பொருத்துவது அதைத்தான். இந்த லென்ஸ் அதன் மேல் இரவு முழுவதும் ஓர் அச்சைப்போல் அமர்ந்திருக்கிறது. நேராக அழுத்துவதைவிட, லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள கண்ணீர்ப் படலத்தின் வழியாகவே அது வேலைசெய்கிறது. கார்னியாவின் மேல்தோல் நடுவில் சற்று மெலிகிறது, சுற்றிலும் சற்றுத் தடிக்கிறது. மாற்றம் மயிரிழையின் தடிமனைவிடக் குறைவு. ஆனால் ஒளியைச் செலுத்தும் பரப்பில் அதுவே போதும். காலையில் லென்ஸைக் கழற்றியபின் பகல் முழுவதும் தூரப்பார்வை தெளிவாக இருக்கிறது. சில இரவுகள் போடாவிட்டால் கார்னியா பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். பழைய பவரும் திரும்பிவிடும்.

கெட்டியான லென்ஸால் கார்னியாவின் வடிவத்தை மாற்றும் முயற்சி புதியதன்று. 1962ஆம் ஆண்டில் சிகாகோவில் நடந்த ஒரு மாநாட்டில் ஜார்ஜ் ஜெஸன் என்பவர் இதை முன்வைத்தார். அக்கால லென்ஸ்கள் ஆக்சிஜனைப் புகவிடாதவை, விளைவும் நிலையற்றது. 1980களின் இறுதியில் நடு வளைவைவிட அடுத்த வளைவு செங்குத்தாக அமையும் புதிய வடிவமைப்பு வந்தது. ஆக்சிஜன் புகும் பொருள்களும் வந்தன. உறங்கும்போது அணிய அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2002இல் முதன்முதலாக அனுமதி தந்தது. அந்த அனுமதி எதற்காக என்பது கவனிக்கத்தக்கது. கிட்டப்பார்வையைத் தற்காலிகமாகக் குறைப்பதற்காக. அதாவது, முதல் வாக்குறுதிக்காக மட்டும்.

இரண்டாவது வாக்குறுதி பின்னால் வந்தது. வந்த இடம் கிழக்காசியா. சீனாவில் 2018இல் அரசு வெளியிட்ட கணக்கின்படி குழந்தைகள், வளரிளம் பருவத்தினரில் 53.6 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை. மேல்நிலைப் பள்ளி மாணவரிடம் 81 விழுக்காடு. இப்படிப்பட்ட நிலத்தில்தான் இரவு லென்ஸ் போட்ட குழந்தைகளின் கண் மெதுவாக நீள்கிறதோ என்ற ஐயம் எழுந்து ஆய்வாயிற்று. ஹாங்காங்கில் பாலின் சோ, சின்-வான் சியுங் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வை இத்துறையில் அனைவரும் சுட்டுகிறார்கள். ஆறு முதல் பத்து வயதுவரையிலான குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோல் இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு இரவு லென்ஸும் மற்றொரு குழுவுக்குச் சாதாரணக் கண்ணாடியும் கொடுத்தார்கள். இரண்டாண்டு முடிவில் 78 குழந்தைகள் எஞ்சினர். கண்ணாடிக் குழந்தைகளின் கண் சராசரியாக 0.63 மி.மீ. நீண்டிருந்தது, லென்ஸ் குழந்தைகளின் கண் 0.36 மி.மீ. குறைவு 43 விழுக்காடு. சீராக வெட்டப்பட்ட நடுப்பகுதிக்கு வெளியே, ஓரங்களில் வரும் ஒளி விழித்திரைக்கு முன்னால் குவிவதால் கண்ணுக்கு "இனி நீளாதே" என்ற குறிப்பு போகிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

வங்கிக்காரர் இந்த எண்களைத் தாளில் எழுதிவைத்துவிட்டு இரண்டு விஷயங்களைச் சொன்னார். முதலாவது, லென்ஸ் போட்ட குழந்தைக்கும் கண் நீளத்தான் செய்தது, மெதுவாக நீண்டது. "பவர் ஏறாது" என்பது பொய். "மெதுவாக ஏறும்" என்பதே உண்மை. இரண்டாவது, இன்னும் முக்கியமானது. இரவு லென்ஸ் போடும் குழந்தையிடம் பகலில் பவர் பார்த்தால் ஏறக்குறைய பூஜ்யமாகத்தான் வரும். கார்னியா அச்சில் வார்க்கப்பட்டிருக்கிறதே! சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைக் கடகடவென்று வாசித்துவிடும். உள்ளே கண் நீண்டுகொண்டிருந்தாலும் வாசிக்கும். ஆக, மருந்து வேலைசெய்கிறதா என்பதை மருந்தே மறைக்கிறது. விழியின் நீளத்தை அதற்கான கருவியால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் ஒழிய, இரண்டாவது வாக்குறுதி காப்பாற்றப்படுகிறதா என்பது யாருக்கும் தெரியாது. நாங்கள் சென்ற இடத்தில் அந்த அளவை யாரும் எடுக்கவும் இல்லை. எடுப்போம் என்று சொல்லவும் இல்லை.

*

இனி இடர்ப்பாடு. தூங்கும் கண்ணில் லென்ஸ் இருப்பது கிருமிகளுக்கு வசதியான நிலை. இமை மூடியிருக்கையில் கார்னியாவுக்குக் காற்று குறைவு, கண்ணீர் ஓட்டமும் குறைவு. இரவு லென்ஸ் அணிந்தவர்களுக்கு ஏற்பட்ட கார்னியா நோய்த்தொற்றுகளில் மருத்துவ இதழ்களில் பதிவான முதல் ஐம்பதை வாட், ஸ்வார்ப்ரிக் என்ற ஆய்வாளர்கள் தொகுத்து 2005இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவை கிழக்காசியாவில் நிகழ்ந்தவை. 2001ஆம் ஆண்டில் உச்சம். பாதிக்கப்பட்டோரில் அதிகம் பேர் ஒன்பது முதல் பதினைந்து வயதினர். பாதிக்குச் சற்று மேற்பட்டவற்றில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. 30 விழுக்காட்டில் அகந்தமீபா. இந்த அகந்தமீபா நீரில் வாழும் ஒருசெல் உயிரி. குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் இருக்கும். கார்னியாவில் குடியேறிவிட்டால் விரட்டுவது மிகக் கடினம். தழும்பு விட்டுப் போகும். சீனாவில் அந்நாளில் பயிற்சி பெறாதவர்களும் லென்ஸ் பொருத்தினார்கள். அரசு தலையிட்டுக் கட்டுப்பாடு கொண்டுவர நேர்ந்தது.

நிலைமை அதன்பின் மேம்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் இரவு லென்ஸ் அணிந்தவர்களைப் பற்றி 2013இல் வெளியான கணக்கெடுப்பில், குழந்தைகளிடம் கிருமித் தொற்று ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு ஏறக்குறைய 14 என்று வந்தது. நேரில் கண்ட இரண்டே குழந்தைகளை வைத்துப் போட்ட கணக்கு அது. ஆகவே பிழையின் எல்லை மிக அகலம். அந்த இரு குழந்தைகளுக்கும் நிலையான பார்வை இழப்பு ஏற்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்தாயிரத்தில் பதினான்கு என்பது சிறிய எண்தான். ஆனால் அது ஓராண்டுக்கான எண். எங்கள் மகள் ஒன்பதில் தொடங்கினால் குறைந்தது பதினான்கு வயதுவரை போட வேண்டும். இடையில் நிறுத்திவிடலாமா என்றால் அதிலும் சிக்கல். அதே ஹாங்காங் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டதன்படி, பதினான்கு வயதுக்கு முன் நிறுத்திய குழந்தைகளுக்குக் கண் நீள்வது வேகம்பிடித்தது. மீண்டும் போட்டபின்தான் தணிந்தது. தொடங்குவது எளிது, இறங்குவதற்கு நிறுத்தம் தொலைவில் இருக்கிறது.

இந்த இடரைக் குறைப்பது மருத்துவமனையின் கையில் பாதி. வீட்டின் கையில் பாதி. ஒவ்வோர் இரவும் சோப்புப் போட்டுக் கைகழுவி, துடைத்து உலர்த்தி, அதன்பிறகே லென்ஸைத் தொட வேண்டும். லென்ஸையோ அதன் டப்பாவையோ குழாய்த் தண்ணீர் தொடக்கூடாது. அதற்கென உள்ள திரவத்தில் கழுவ வேண்டும். கண் சிவந்தால், வலித்தால், அன்று போடாமல் மறுநாளே மருத்துவரிடம் ஓட வேண்டும். லென்ஸ் வேலைசெய்யும் அளவுக்குப் பிள்ளை தூங்கவும் வேண்டும். இதை எழுதும்போது எங்கள் வீடு எங்கள் கண்முன் வருகிறது. மாடித் தொட்டியிலிருந்து வரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். கொடை, கல்யாணம் என்று மாதத்துக்கு இரண்டு இரவு உறவினர் வீட்டுக் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும் வழக்கம். பதினொரு மணிக்குப் பேருந்தில் வந்திறங்கித் தூக்கக் கலக்கத்தில் தோளில் சாயும் பிள்ளை. ஆண்டுக்கு 365 இரவு, ஐந்தாண்டுக்கு 1,825 இரவு. ஒன்றுகூடத் தவறாமல் கைகழுவுவோம் என்று எங்களால் சத்தியம் செய்ய முடியவில்லை. செய்யக்கூடிய வீடுகள் இருக்கின்றன. அவர்களைக் குறைசொல்ல எங்களுக்கு எதுவும் இல்லை.

*

இதற்கிடையில் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்திருந்த பெரியம்மா எங்கள் மகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொம்பளப் பிள்ளைக்கு இந்த வயசுலயே கண்ணாடியா? நாளைக்கு ஒருத்தன் வந்து பாக்கணும்லா?"

சிரித்துக் கடந்துவிடக்கூடிய பேச்சுதான். ஆனால் யோசித்துப் பார்த்தபோது, ஆலோசகர் எங்களிடம் விற்க முயன்றதும் பெரியம்மா கவலைப்பட்டதும் ஒன்றே என்று தெரிந்தது. தமிழ்ச் சமூகத்தில் கண்ணாடி ஆணுக்குப் படிப்பின் அடையாளம், பெண்ணுக்குக் குறை. பெண்பார்க்க வரும் நாளில் கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைக்கச் சொன்ன வீடுகள் நம் எல்லாருக்கும் தெரியும். வந்தவர்களின் முகம் மங்கலாகத் தெரிய, காபித் தட்டை நீட்டிய பெண்களையும் நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் "சோடாபுட்டி" என்று கூப்பிட்டவர்களில் நாமும் இருந்திருக்கலாம். இந்தப் பழைய வெட்கம்தான் மருத்துவப் பெயர் பூண்டு, அழகிய பெட்டிக்குள் வைத்து, ஒரு மாத வீட்டுச் செலவுக்கு மேற்பட்ட விலையில் எங்கள் முன் நீட்டப்பட்டது. வெட்கத்துக்குக் கொடுக்கும் விலையையும் நோய்க்குக் கொடுக்கும் விலையையும் ஒரே ரசீதில் எழுதினால் எது எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

ஒருநாள் மகளிடமே கேட்டோம். கேட்க வேண்டும் என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தோன்றியது என்பது எங்கள் குறை. "உனக்குக் கண்ணாடி போடப் பிடிக்கலையா?"

"ஏன்? நல்லாத்தானே இருக்கு," என்றாள். ஊதா நிறச் சட்டத்தை அவளே தேர்ந்தெடுத்திருந்தாள். வகுப்பில் இன்னும் ஆறு பேர் போடுகிறார்களாம்.

முதல் வாக்குறுதி அவளுக்குத் தேவையே இல்லை. தேவைப்பட்டது எங்களுக்கு.

அதைக் கழித்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. எஞ்சுவது கண் நீள்வதை மெதுவாக்குவது மட்டும். அதற்கு இன்று இரவு லென்ஸ் ஒன்றே வழியன்று. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு கண்ணாடி லென்ஸ் இருக்கிறது. நடுவில் சாதாரணப் பவர், சுற்றிலும் தேன்கூடுபோல் நூற்றுக்கணக்கான நுண்லென்ஸ்கள். எட்டு முதல் பதின்மூன்று வயதினரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், இரண்டாண்டில் சாதாரணக் கண்ணாடி போட்டவர்களுக்கு 0.55 மி.மீ.; இதைப் போட்டவர்களுக்கு 0.21 மி.மீ. இதே தத்துவத்தில் அமைந்த வேறொரு கண்ணாடி லென்ஸுக்கு அமெரிக்க நிர்வாகம் 2025 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. செறிவு குறைந்த அட்ரோபின் சொட்டு மருந்து சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் சோதிக்கப்பட்டுப் பயன்பாட்டில் இருக்கிறது. வேறு வேறு குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளின் எண்களை அருகருகே வைத்து இது அதைவிடச் சிறந்தது என்று தீர்ப்பெழுத முடியாது. ஆனால் மூக்கின்மேல் அமரும் கண்ணாடி கார்னியாவைத் தொடுவதில்லை, தொற்று வராது. கண்ணாடி போடுவதில் பிள்ளைக்கு மனத்தடை இல்லாதபோது, அதே வேலையைச் செய்யக்கூடிய, இடர் குறைந்த வழியைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

மறுபக்கத்தையும் சொல்லிவிடுவோம். நீச்சலிலோ கால்பந்திலோ தீவிரமாக இருக்கும் பிள்ளை. கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு மங்கலாகவே அலையும் பிள்ளை. கேலியால் பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளை. இவர்களுக்கு முதல் வாக்குறுதியும் மெய்யான தேவையே. அவர்கள் வீட்டில் ஒழுங்காகக் கைகழுவ ஒருவர் இருந்து, விழி நீளத்தை அளந்து கண்காணிக்கும் மருத்துவரும் கிடைத்தால், இரவு லென்ஸ் நல்ல முடிவு. நாங்கள் சந்தித்த ஒரு தாய் இரண்டாண்டாக அப்படியே செய்துவருகிறார். மகன் நீச்சல் வீரன். அவர் கைப்பையில் மகனுடைய விழி நீள அளவுகள் தேதிவாரியாக எழுதிய சிறு நோட்டு இருந்தது. ஆலோசகர் காட்டிய பெட்டியைவிட அந்த நோட்டு எங்களுக்கு அதிகம் கற்பித்தது.

*

கடைசியாக, இதை வாசிக்கும் நம்மைப் போன்றவர்கள் கொஞ்சம் சங்கடத்தோடு பேச வேண்டிய ஒன்று.

1867ஆம் ஆண்டில் ஹெர்மன் கோன் என்ற கண் மருத்துவர், அன்று ஜெர்மனியிலும் இன்று போலந்திலும் உள்ள ப்ரெஸ்லாவ் நகரப் பகுதியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் கண்களைச் சோதித்தார். வகுப்பு ஏற ஏறக் கிட்டப்பார்வையும் ஏறுவதைக் கண்டார். கைபேசியும் தொலைக்காட்சியும் இல்லாத காலம் அது. இருந்தவை புத்தகமும் மங்கலான வகுப்பறையும். கைபேசியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் புத்தகத்தைப் புனிதமாக வைத்துக்கொள்ள நமக்கு வசதியாக இருக்கிறது. ஒரு முழ தூரத்துக்குள் பார்வையைப் பலமணிநேரம் நிறுத்திவைக்கும் எதுவும் கண்ணுக்கு ஒன்றுதான். "எங்க பிள்ளை எந்நேரமும் புத்தகமும் கையுமாத்தான் இருப்பா" என்று வருவோரிடமெல்லாம் பெருமையடித்தவர்கள் நாங்கள். அவள் மாலையில் வெளியே போகாததை வாசிப்பின் வெற்றியாகக் கருதியவர்கள்.

சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளை ஒப்பிட்டு 2008இல் ஓர் ஆய்வு வந்தது. ஆறேழு வயதில் கிட்டப்பார்வை சிங்கப்பூரில் 29.1 விழுக்காடு, சிட்னியில் 3.3. ஒரே இனம், பெற்றோரின் கிட்டப்பார்வையிலும் பெரிய வேறுபாடு இல்லை. வாசிப்பிலும் சிட்னிப் பிள்ளைகள் குறைந்தவர்களல்லர். பெரிய வேறுபாடு, சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்குப் பதின்மூன்று மணிநேரத்துக்கு மேல் திறந்தவெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் மூன்று மணிநேரம். குவாங்சோ நகரில் பள்ளி நேரத்தோடு 40 நிமிட வெளிவிளையாட்டைச் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, சேர்க்காத பள்ளிகளில் 39.5. அந்த முடிவு 2015இல் வெளிவந்தது. தைவான் 2010லிருந்தே நாளுக்கு 120 நிமிடம் வெளியில் என்பதைப் பள்ளிக் கொள்கையாகக் கொண்டிருக்கிறது. காரணம் பகல் வெளிச்சம் என்கிறார்கள். நல்ல விளக்குப் போட்ட அறையில் 500 லக்ஸ் இருந்தால், வெளியே பத்தாயிரத்தை எளிதில் தாண்டும். அந்த ஒளியில் விழித்திரை சுரக்கும் டோபமைன் கண்ணின் நீட்சியைக் கட்டுப்படுத்துகிறது என்பது கருத்து. வந்துவிட்ட கிட்டப்பார்வையை மெதுவாக்குவதில் வெளிச்சத்தின் பங்கு அவ்வளவு உறுதியாக நிறுவப்படவில்லை. வராமல் தள்ளிப்போடுவதில்தான் அதன் வலிமை. எங்கள் மகளுக்குக் காலம் சற்றுக் கடந்துவிட்டது. அவள் தம்பிக்கு நான்கு வயது. அவனுக்கு இன்னும் கடக்கவில்லை.

சூரியனுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இருந்துகொண்டு பிள்ளைகளை அதிலிருந்து மறைத்து வளர்க்கிறோம். உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார். நாம் அதற்கு நன்றி சொல்கிறோம். நாலரைக்குப் பள்ளி விட்டால் ஐந்துக்கு டியூஷன். மிச்ச நேரத்துக்கு வெயிலில் கறுத்துப்போவாள் என்ற இன்னொரு பழைய பயம். இப்படி வளர்த்துவிட்டு, பகலில் இழந்ததை இரவில் ஒரு லென்ஸ் மீட்டுத் தரும் என்று பணம் கட்டுகிறோம். லென்ஸ் தன் பங்கைச் செய்யும். பகலை அது தராது. அரசுப் பள்ளியில் சோதனை செய்து இலவசக் கண்ணாடி வாங்கும் பிள்ளைக்கு இரவு லென்ஸ் எட்டாது. நுண்லென்ஸ் கண்ணாடியும் எட்டாது. திறந்தவெளி ஒன்றுதான் எல்லாப் பிள்ளைகளுக்கும் விலையில்லாமல் கிடைக்கக்கூடிய மருந்து. அதைப் பள்ளி அட்டவணையில் காப்பாற்றித் தரக் கேட்பது பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் நாம் செய்யக்கூடிய, செய்யாமல் இருக்கிற வேலை.

*

எங்கள் முடிவைச் சொல்லி முடிக்கிறோம். விழி நீளத்தை அளக்கும் வேறொரு மருத்துவமனையைத் தேடிப் போனோம். அளந்தார்கள். நுண்லென்ஸ் கண்ணாடி எழுதித் தந்தார்கள். அதே ஊதாச் சட்டத்தில் பொருத்தியாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவு. அந்த நீச்சல் வீரனின் தாயைப் பார்த்து நாங்களும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். கண் வேகமாக நீண்டால் இரவு லென்ஸைப் பற்றி மறுபடியும் யோசிப்போம். அப்போது எதற்காகப் போடுகிறோம் என்பது எங்களுக்கும் அவளுக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கும். கைகழுவும் ஒழுங்கை இப்போதிலிருந்தே பழக்கிக்கொள்ளவும் தடையில்லை.

இரவு லென்ஸ் பற்றி யோசிக்கும் பெற்றோருக்கு நாங்கள் சொல்லக்கூடியது இவ்வளவே. விழி நீளத்தை அளப்பார்களா என்று கேளுங்கள். எத்தனை ஆண்டு போட வேண்டும், நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். நள்ளிரவில் கண் சிவந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேளுங்கள். இவற்றுக்கு முன்னால், கண்ணாடி யாருக்குப் பிடிக்கவில்லை என்பதை வீட்டிலேயே உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

டியூஷனை நிறுத்தியாயிற்று. மாலை ஐந்திலிருந்து ஆறேகால்வரை பிள்ளைகள் இருவரும் கல்லூரி மைதானத்தில். புத்தகங்கள் இருட்டியபின். வாசிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.